பெரிய தெருவில் நடந்த நிழல்

நரிக்கரட்டுப்பட்டி காலனியில் சாணி கேஸ் டிரம் தன் தொட்டியை விட்டுவிட்டு ஆகாயத்துக்கு ஏறியது தை மாதத்து நாலாம் செவ்வாய்க்கிழமை காலையில், பவுன்தாய் மூன்றாவது தட்டுச் சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தபோது. ஏறியதைப் பார்த்தவர்கள் பதினோரு பேர், அதில் ஏழு பேர் பெண்கள், ஒருவரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடவில்லை, ஏனென்றால் கொட்டகையில் நாலு அடுப்பிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது, டிரம் போகிற இடத்துக்குப் போகட்டும், உலை வேகுமா வேகாதா என்பதுதான் அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது.

உலை வெந்தது. சோற்றை வடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்கள்.

டிரம் எதனால் ஏறியது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். காலனிக்காரர்களிடம் கேட்டால் அதை விட்டுவிட்டு, அந்தத் தொட்டியில் மறுபடி சாணி எதனால் விழுந்தது என்பதைத்தான் சொல்வார்கள், அதைச் சொல்வதற்குப் புரட்டாசி மாதத்துக்குப் போக வேண்டும்.

புரட்டாசியில் பவுன்தாயின் புருசன் கொண்டல்சாமி செத்துப்போனார். கிணறு வெட்டுகிறவர், அறுபதடி ஆழத்துக்கு இறங்கிச் சிரித்துக்கொண்டே ஏறி வருகிறவர், ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டார். பவுன்தாய்க்கு நாற்பத்தாறு வயது. பெரிய தெருவில் ஒன்பது வீட்டுத் தொழுவத்தை அவள்தான் கூட்டினாள், காலனியில் அவளைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூட்டினார்கள், கூட்டுகிறவளுக்குச் சாயங்காலம் ஒரு தட்டுச் சாணி என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிற வழக்கம், அந்தச் சாணியை வறட்டியாகத் தட்டி எரிப்பார்கள், தென்னந்தோப்புகளில் விழுந்து கிடக்கிற மட்டையையும் பாளையையும் பொறுக்கி வந்து எரிப்பார்கள், இப்படித்தான் இருபத்துமூன்று வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

கொண்டல்சாமிக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தபோது, பெரிய தெருவிலேயே பெரிய வீடான அழகர்ராசா வீட்டிலிருந்து ஆள் வந்தது.

“மொதலாளி வீட்டுப் பசு கன்னு போட்டிருக்கு. நஞ்சுக்கொடி விழுந்து தொழுவமே நாறுது. ஒன்னய வரச் சொன்னாரு.”

“இன்னைக்கு என் புருசனுக்குப் பதினாறு. வரமாட்டேன்னு சொல்லு.”

“வர முடியாதாம்னு சொல்றேன்.”

“முடியாதுன்னு சொல்லாத. வரமாட்டேன்னு சொல்லு.”

வந்தவன் மற்றப் பெண்களைப் பார்த்தான். யாராவது ஒருத்தி எழுந்து வருவாள் என்று நின்றான். அவர்கள் எல்லாரும் பவுன்தாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அவன் போய்விட்டான்.

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள், அழகர்ராசா ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். ஆனால் மத்தியானத்துக்குள் அவர் தோப்பு வாசலில் முள்ளுக்கம்பி இழுத்துக் கட்டியாயிற்று, மூன்றாம் நாளுக்குள் பெரிய தெருக்காரர்களின் எல்லாத் தோப்பு வாசலிலும் கட்டியாயிற்று, இனிமேல் காலனி ஆட்கள் ஒரு மட்டை பொறுக்கக் கூடாது, ஓர் ஈர்க்குக் கூட எடுக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு ஐப்பசி வந்தது, மழை பிடித்துக்கொண்டது, சுவரில் தட்டிய வறட்டி சுவரிலேயே கரைந்து வழிந்தது. சிலிண்டர் வைத்திருந்த நாலு வீட்டிலும் அது காலியாகி மாதக்கணக்காகி, அதன் தலையில் அரிசிப் பானையை ஏற்றி வைத்திருந்தார்கள். மூன்று நாள் அவலை நனைத்துத் தின்றார்கள். நாலாம் நாள் பவுன்தாய் தலையில் உரச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு காலனிக்கு மேற்கே இருக்கிற பொறம்போக்குக்குப் போனாள்.

அங்கே பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஏதோ ஒரு திட்டத்தில் கட்டிவிட்டுப் போன சாணி கேஸ் தொட்டி இருந்தது. கிணறு மாதிரி செங்கல் வைத்துக் கட்டி, அதன் மேல் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம், பக்கத்தில் சாணி கரைத்து ஊற்ற ஒரு சின்னத் தொட்டி, மறுபக்கம் கழிவு வெளியே வர ஒரு வாய். ரிப்பன் வெட்டின அன்றைக்கு ஒரு டீ போட்டார்கள், அதோடு சரி. பிறகு அதில் தவளை குடியிருந்தது. சுவரில் எழுதியிருந்த எழுத்தில் பாதி உரிந்துவிட்டது, அஞ்சாவது வரை படித்த பவுன்தாய் மழையில் நின்றபடி மிச்ச எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள். சாணி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. அதற்குக் கீழே, பயிர்க் கழிவை நறுக்கிச் சேர்க்கலாம்.

“சாணி நாத்தத்துலயா சோறு பொங்கச் சொல்ற?” என்று கேட்டாள் அங்கம்மா. அவள் பவுன்தாய்க்கு நாத்தனார் முறை, பத்து வயது மூத்தவள், காலனியில் யாருக்கும் எதற்கும் முதலில் இல்லை என்று சொல்லிப் பழகியவள்.

“எரியிறப்ப நாறாது மதினி. எரியாட்டித்தான் நாறும்.”

“பார்த்தியா நீயி?”

“பார்க்கல. பார்ப்போம்.”

டவுனிலிருந்து வெல்டிங் சாலமோன் வந்து டிரம்மில் பதினேழு ஓட்டைகளை அடைத்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு பால் பண்ணையில், ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியின் பழங்கரைசலை நாலு குடம் கேட்டு வாங்கி, பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி இந்தத் தொட்டிக்கு ஊற்றினார்கள். ஆளுக்கொரு தட்டுச் சாணி கொட்டினார்கள். சாணி போதவில்லை. அப்போதுதான் பவுன்தாய் வண்டிப்பாதை ஓரமெல்லாம் குவித்துப் போட்டிருந்த வாழைத்தண்டைப் பார்த்தாள், தார் வெட்டிய பிறகு யாருக்கும் வேண்டாத மரம், கதிர் ஒடித்த பிறகு தீ வைத்துக் கொளுத்துகிற மக்காச்சோளத் தட்டை, விலை போகாமல் கொட்டிய தக்காளி. பெண்கள் அரிவாளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் விரல்கடை நீளத்துக்கு நறுக்கினார்கள். வாழையை அதிகமாகப் போட்டதில் தொட்டி புளித்துவிட்டது. பவுன்தாய் மூக்கை வைத்தே அதைக் கண்டுபிடித்தாள். நாலு நாள் ஒன்றும் போடாமல் பட்டினி போட்டு, சாம்பல் தண்ணீர் ஊற்றி, பழஞ்சாணி கரைத்து விட்டு, தண்டைக் குறைத்துத் தட்டையைக் கூட்டி, மேலே ஏடு கட்டாமல் டிரம்மைக் காலையிலும் மாலையிலும் பிடித்துத் திருப்பிவிட்டாள். முதலில் ஏறிய காற்றை எரிக்காமல் திறந்துவிட்டாள். பக்கத்தில் கொட்டகை போட்டு, ஓஸ் பைப்பு இழுத்து, கார்த்திகை பிறந்த ஏழாம் நாள் அடுப்பில் தீக்குச்சி கிழித்து வைத்தபோது, அவரைப்பூ நிறத்தில் ஒரு சுடர் எழுந்து வட்டமாக நின்றது.

அங்கம்மா குனிந்து மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம் மோந்தாள். பிறகு தன் வீட்டுப் பானையைக் கொண்டுவந்து முதல் அடுப்பில் வைத்துவிட்டு, “எனக்குத்தான் மொத மொற” என்றாள்.

நாலு அடுப்பு, இருபத்துமூன்று வீடு, முறை வைத்துப் பொங்கினார்கள், மழை முழுவதும் பொங்கினார்கள், தோப்பு வாசலில் முள்ளுக்கம்பி துருப்பிடித்தது.

அப்படி இருக்கும்போதுதான் தை மாதத்து நாலாம் செவ்வாய் வந்தது, டிரம் ஏறியது. ஆடாமல் அசையாமல், கிணற்றிலிருந்து வாளி வருவது போல நேராக ஏறி, காலனிக்குப் பின்னால் இருக்கிற கரட்டின் பாறை உச்சிக்குச் சமமாகப் போய் நின்றுகொண்டது. முப்பதடி என்று அளந்து வாங்கிய பச்சை ஓஸ் பைப்பு அதோடு கூடவே போயிற்று, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் நீண்டது. சாலமோன் தகவல் கேட்டு வந்து, கையைப் புருவத்தில் வைத்துக் கீழிருந்து பார்த்து, “நம்ம ஒட்டு ஒண்ணுகூட விடல” என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார். பஸ் கண்டக்டர் மூன்றாம் நாளே “டிரம் எறங்கு” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மின்சார ஆபீசிலிருந்து லைன்மேன் வந்து, கம்பியில் படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். மைனாக்கள் அதன் விளிம்பில் கூடு வைத்தன. முன்பெல்லாம் டிரம் தொட்டியிலிருந்து எத்தனை சாண் எழும்பியிருக்கிறது என்று பார்த்து இன்றைக்கு எத்தனை வீட்டுக்குக் கேஸ் காணும் என்று சொல்வாள் பவுன்தாய். இப்போது பனைமரக் கணக்கில் சொன்னாள். “இன்னைக்கு ஆறு பனை இருக்கு, குழம்பும் வச்சுக்கங்க.” “இன்னைக்கு நாலு பனைதான், சோத்தோட நிறுத்திக்கங்க.” எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

காலனிக்கு டிரம் பழகிவிட்டது. பெரிய தெருவுக்குப் பழகாமல் போனதற்குக் காரணம் நிழல்.

காலனி மேற்கே இருக்கிறது, கரட்டடியில். பெரிய தெரு அதற்குக் கிழக்கே ஆரம்பித்து ஆறு வரைக்கும் நேராகப் போகிறது. உச்சி சாய்ந்ததும் டிரம்மின் நிழல் காலனியை விட்டுக் கிளம்பி, வெறும் நிலத்தைத் தாண்டி, மூன்று மணிக்குப் பெரிய தெரு முனையில் கால் வைத்து, தெரு அகலத்துக்கு விரிந்து, தானியம் காய்கிற பாய்களின் மேலும் நிறுத்தியிருக்கிற பைக்குகளின் மேலும் பிள்ளையார் கோயில் படியின் மேலும் மெதுவாக நடந்து, ஒரு வீட்டையும் விடாமல் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, அழகர்ராசா வீட்டுக்குள் கூடம் வரைக்கும் போய் வெளியே வந்து, பொழுது சாயும்போது ஆற்றங்கரையில் போய்ச் சேர்ந்தது. தினமும் போயிற்று. யாரையும் கேட்கவில்லை.

அங்கம்மா காலனி முனையில் நின்று அதைப் பார்த்தாள்.

“எங்காத்தா இந்தத் தெருவுல உச்சி வெயில்லதான் போகும்” என்றாள். “அப்பத்தான் நிழலு காலுக்கடியில கெடக்கும். செவத்துல கிவத்துல பட்டுச்சுன்னா கழுவி விடணும்னு அடிப்பாங்களாம். கொதிக்கிற தரையில வெறுங்காலோட.”

நிழல் கோயில் படி ஏறுகிற வரைக்கும் இருவரும் நின்று பார்த்தார்கள். மறுநாளும் வந்து நின்றார்கள்.

பெரிய தெருவில் முதல் வாரம் நிழல் போன பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவினார்கள். இரண்டாவது வாரம் கிணற்றில் தண்ணீர் குறைந்ததால் வாசல் மட்டும் தெளித்தார்கள். மூன்று மணிக்கு முன்னால் பாயைச் சுருட்டி தானியத்தை உள்ளே எடுத்தார்கள், நிழல் தாண்டியதும் மறுபடி விரித்தார்கள், அப்புறம் அலுத்துப்போய் விரித்தபடியே விட்டார்கள். பங்குனி வெயில் ஏற ஏற நாய்கள் நிழலுக்குள் படுத்து அதோடு நகர்ந்து நகர்ந்து ஆறு வரைக்கும் போயின, கன்றுக்குட்டிகள் போயின. பிறகு ஒருநாள், நடக்க மாட்டாத ஒரு பெரியவர் தன் கட்டிலை நிழலுக்குள் இழுத்துப் போடச் சொன்னார், “குளுந்து கெடக்கு” என்றார், மகன்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அழகர்ராசா மனு எழுதினார்.

சர்வேயர் வந்தார், சங்கிலி போட்டார். தொட்டி திட்டத்தில் கட்டியது, ஆவணத்தில் இருக்கிறது. டிரம் நிலத்தில் இருந்தால் ஆக்கிரமிப்பு என்று எடுக்கச் சொல்லலாம், அது நிலத்தில் இல்லை. அழகர்ராசா விடாமல் நிழலைக் காட்டினார், அதுவும் நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

“இதுக்கு என்ன சொல்றீங்க?”

“நெழலுக்குப் பட்டா கெடையாதுங்க” என்றார் சர்வேயர். காலனிக் கொட்டகையில் ஒரு டீ குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தொழுவத்துக்குப் போன பெண்களிடம் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சைச் சொன்னார்கள். இனி ஒரு தட்டுச் சாணியும் காலனிக்குப் போகக் கூடாது. வாழைத்தண்டைத் தொடக் கூடாது. கூட்டிவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும்.

அழகர்ராசா இதைப் பவுன்தாயிடம் தானே சொன்னார். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கையை உதறினாள்.

“அப்ப கூட்டறதையும் நீங்களே வச்சுக்கங்க மொதலாளி.”

“திமிரா?”

“ஆமா.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்வாள், காலில் விழுந்து ஏதாவது சொல்வாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தார். அவள் தெருவில் இறங்கி நடந்தாள், வீடு வீடாக விளக்குமாறுகளைச் சாய்த்துவிட்டு மற்றப் பெண்களும் வந்தார்கள்.

சாணி இல்லாமல் டிரம் இறங்க ஆரம்பித்தது. ஐந்து பனை, மூன்று பனை, ஒன்றரைப் பனை. அது இறங்க இறங்க நிழல் பெரிய தெருவுக்கு நேரங்கழித்து வந்தது, சுருங்கி வந்தது, கடைசியில் பொழுது சாயும்போது தெரு முனையில் மட்டும் ஒரு மங்கலாகத் தெரிந்து அணைந்தது. பெரிய தெருவில் தானியப் பாய்களை இழுத்துத் தெரு நடுவில் விரித்தார்கள்.

காலனி ஆண்கள் கொட்டகையில் கூடிப் பேசினார்கள். நிழல் போகாவிட்டால் போகட்டும், சோறு வேகிற அளவுக்கு ஒரு பனை உயரத்தில் வைத்துக்கொள்வோம், அவர்கள் கோபமும் ஆறும் என்றார்கள். அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. பவுன்தாய் கடைசி வரைக்கும் கேட்டாள்.

“சோறு வேகுறதுக்குத்தான் ஆரம்பிச்சோம்” என்றாள். “இப்ப அது மட்டும் பத்தல எனக்கு. அது அங்க விழணும். தெனமும் விழணும். அந்த வீட்டுக் கூடத்துக்குள்ள போகணும்.”

“அதுல நமக்கு என்ன வருது?” என்று ஒருவர் கேட்டார்.

“ஒண்ணும் வரல. விழணும், அம்புட்டுத்தான்.”

யாருக்கும் முதலில் இல்லை என்று சொல்லிப் பழகிய அங்கம்மா, “சரி” என்றாள். அவள் சரி என்றதும் பேச்சு முடிந்தது.

மலைமாட்டுக்காரர் கூடலிங்கம் அந்த வாரம் நூற்றுநாற்பது மாடுகளோடு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். வருசா வருசம் பெரிய தெருக்காரர்களின் வயல்களில் உரத்துக்காக மாடுகளை ராத்திரி படுக்கவிட்டுக் கிடை போடுகிறவர். உர மூட்டை இருக்கிறது, கிடை வேண்டாம் என்று இந்த வருசம் சொல்லிவிட்டார்கள். பவுன்தாய் நாலு மைல் நடந்து போய் அவரைப் பாதையில் மறித்தாள்.

“எங்க பொறம்போக்குல போடுங்கண்ணே. ஒங்களுக்கும் கூட வர்ற ஆளுகளுக்கும் மூணு வேளச் சோறு நாங்க பொங்கிப் போடுறோம். சாணி எங்களுக்கு.”

“எம்புட்டு நாளுக்கு?”

“ஒங்களுக்கு மலையேறத் தோணுற வரைக்கும்.”

கூடலிங்கம் அண்ணாந்து, தூரத்தில் கரட்டடியில் ஒன்றரைப் பனை உயரத்தில் நிற்கிற டிரம்மைப் பார்த்தார். “அதா சாணி கேக்குது?” என்றார். அவள் தலையாட்டினாள். அவர் மாடுகளைத் திருப்பினார்.

நூற்றுநாற்பது மாடும் பொறம்போக்கில் படுத்து எழுந்தன. டவுன் காய்கறிச் சந்தையில் கூட்டித் தள்ளுகிற கோஸ் இலையையும் வாழைமட்டையையும் சாலமோன் தன் மினி வேனில் ஏற்றி அனுப்பினார். பெண்கள் நறுக்கினார்கள், கரைத்தார்கள், ஊற்றினார்கள், பகல் முழுவதும் ஊற்றினார்கள், முழங்கை வரைக்கும் சாணியோடு நின்றே சாப்பிட்டார்கள், தொட்டி புளிக்கிறதா என்று பவுன்தாய் மணிக்கொரு தடவை குனிந்து மோந்தாள். பெரிய தெருவில் தொழுவங்கள் நாறின. பக்கத்து ஊரிலிருந்து கூப்பிட்ட ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, டிரம்மைப் பார்த்து, விசயத்தைக் கேட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். வீட்டுப் பெண்களே மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு கூட்டினார்கள். ஒருநாள் காலையில் அழகர்ராசாவின் தம்பி பெண்டாட்டி தெய்வானை இடுப்பில் ஒரு கூடைச் சாணியோடு தனியாக நடந்து வந்து, காலனி முனையில் அதை இறக்கி வைத்தாள்.

“அங்க கெடந்து புழு வைக்கிறதுக்கு இங்க வேகட்டும்” என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். “கூடைய அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்.”

டிரம் ஏறியது. ஐந்து, எட்டு, பதினொன்று. சித்திரை பிறந்தபோது பதினாலு பனை உயரத்தில் நின்றது. நிழல் இரண்டு மணிக்கே தெருவுக்குள் போயிற்று.

சித்திரை மாதத்துப் பதினெட்டாம் நாள் காலையில் அங்கம்மா சாணித் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள், “தண்ணி குடு” என்றாள், தண்ணீர் வருவதற்குள் செத்துப்போனாள். பவுன்தாய் அவள் கையைக் கழுவிவிட்டாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

காலனிக்கு இடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது. தெருவழியாகப் போனால் அரை மைல். ஆனால் காலனிப் பிணம் பெரிய தெருவில் போனதே இல்லை, கரட்டைச் சுற்றி முள்ளுப் பாதையில் மூன்று மைல் தூக்கிப்போய், வாய்க்காலுக்குள் இறங்கி ஏறி, அந்தப் பக்கமாகத்தான் ஆற்றுக்குப் போகும். அன்றைக்குப் பாடை கட்டி முடிந்து ஆண்கள் வழக்கம் போல வடக்கே திரும்பியபோது, பவுன்தாய் பாடைக்கு முன்னால் போய் நின்றாள்.

“இப்படிப் போவோம்” என்று கிழக்கே காட்டினாள்.

தகவல் பாடைக்கு முன்னால் போய்விட்டது. கால்மணி நேரத்தில் தலையாரி சீனிவாசகம் சைக்கிளில் வந்தார், இரண்டு பக்கத்துக்கும் நல்லவராக இருக்க வேண்டியவர், சட்டை முழுக்க வேர்த்திருந்தது. பெரிய தெருவில் கம்போடு ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். ஆனால் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். டிரம்மின் நிழல் காலனியுடையது, அதை யாரும் மறுக்கவில்லை. அந்த நிழலுக்குள்ளேயே பாடையும் ஆட்களும் போனால், அவர்கள் நிழலில் அவர்கள் போனதாக இருக்கும், தெருவில் போனதாக இருக்காது. ஒரு கால் கூட வெயிலில் படக் கூடாது. அழகர்ராசாவே ஒத்துக்கொண்டார்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இது கிடைத்ததே பெரிசு என்று அவர்கள் முகத்தில் இருந்தது. கொம்பும் தப்புமேளமும் கிளம்பின.

பெண்கள் முனையோடு நின்றுகொள்வது வழக்கம். அன்றைக்கு நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு நிழல் தெரு முனையில் கால் வைத்தது, அதற்குள் பாடையும் கால் வைத்தது. நிழல் சூரியன் நடக்கிற நடைதான் நடக்கும். பாடை தூக்கியவர்கள் ஓரடி வைத்து நின்றார்கள், மறுபடி ஓரடி வைத்து நின்றார்கள், நிழலின் விளிம்பு நகர்வதற்குக் காத்துக் காத்து நின்றார்கள். தோளில் மரம் அழுத்தியது. தப்படிக்கிறவர்கள் அடியைக் குறைத்தார்கள், குறைத்துக் குறைத்து அது அறுந்து போயிற்று. இரண்டு பக்கமும் திண்ணென்று நின்ற ஆட்கள் நிழல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எந்தக் கால் வெளியே வருகிறது என்று. ஒருவன் கம்பால் விளிம்பு ஓரமாகத் தரையில் கோடு கிழித்துக்கொண்டே வந்தான். ஒருமணி நேரத்தில் நாலு வீடு தாண்டியிருந்தார்கள். அங்கம்மாவின் முகத்தில் ஈ உட்கார்ந்தது.

பவுன்தாய் அந்த ஈயை விரட்டினாள். அது மறுபடி வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அந்த டிரம்மின் மேல் முதல் முறையாக ஓர் அலுப்பு வந்தது. நல்ல டிரம், சோறு போட்ட டிரம், யார் வீட்டுக் கூடத்துக்கும் போய்வந்த நிழல். அதற்குள் நின்றுகொண்டு, அவர்கள் கோடு கிழிக்கக் கிழிக்க நகர்ந்துகொண்டிருக்கிறோம்.

அவள் பாடைக்கு முன்னால் வந்து, நிழலின் விளிம்பைத் தாண்டி, வெயிலில் காலை வைத்தாள். செருப்புக் கால். அது தெருவின் மண்ணில் பதிந்தது. இன்னொரு காலையும் வைத்தாள். அவளுடைய சொந்த நிழல், குட்டையாக, அவளுக்கு முன்னால் தரையில் விழுந்தது.

“ஏய்” என்றார் அழகர்ராசா. அவர் தன் வாசல்படியில் நின்றார். “பேசினது என்ன? நெழலுக்குள்ள போ.”

“அது மெதுவா வருது மொதலாளி. எங்க மதினிக்கு நேரமாச்சு.”

“தெருவுல எறங்காதன்னு சொல்றேன்.”

“எறங்கிட்டேன்.”

அவள் நடந்தாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை, தனியாகத்தான் நடக்கிறோமோ என்று நினைத்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஆறேழு காலடி வைத்த பிறகு தப்பு ஓர் அடி விழுந்தது, அதற்குப் பிறகு சரமாக விழுந்தது, பாடை வெயிலுக்குள் வந்தது, பெண்கள் வந்தார்கள். ஒரு கல் பறந்து வந்து முன்னால் தூக்கியவரின் தோளில் பட்டது. அவர் தோளை மாற்றிக்கொண்டார், பாடையை இறக்கவில்லை. கோடு கிழித்தவன் கம்பைப் பிடித்தபடி நின்றான், எங்கே கிழிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரு நடுவில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, தெய்வானை தன் வீட்டு வாசலை விட்டு இறங்கி வந்தாள், அவள் புருசன் அவளைக் கூப்பிட்டார், அவள் குனிந்து பாயின் இரண்டு முனையையும் பிடித்து ஓரமாக இழுத்து வழிவிட்டாள்.

அழகர்ராசா படியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் என்ன செய்வது என்பதை அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார், அதற்குள் பாடை அவர் வீட்டைத் தாண்டிவிட்டது.

அவர்கள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. குழி வெட்டினார்கள், அங்கம்மாவை இறக்கினார்கள், ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டார்கள், பெண்களும் போட்டார்கள். வேலை எல்லாம் முடிந்து, ஆற்றில் முழுகி, ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டு கரையேறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் டிரம்மின் நிழல் பெரிய தெருவைக் கடந்து, மணலில் இறங்கி, அவர்களிடம் வந்து சேர்ந்தது.

“வா” என்றாள் பவுன்தாய், கூந்தலைத் தட்டி முடிந்துகொண்டே. பிறகு எல்லாரும் வந்த வழியாகவே, தெருவோடு, வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள்.